கடற்கரையில் கூடி மூச்சு விடுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு போயா (பௌர்ணமி) நாளும் மாலை நான்கரை மணிக்குத் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பதினைந்து, இருபது பேர் கூடுகிறோம். ஓவியம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர், விஞ்ஞான ரீச்சர் ஒருவர், முப்பது வருடம் கடலுக்குள் இறங்கிச் சங்கும் கடலட்டையும் எடுத்த சுழியோடி அண்ணை ஒருவர், ஒலிப்பதிவு வேலை செய்கிற நான் என்று நான்கு பேர் தொடங்கியது இது. கூடி என்ன செய்கிறோம் என்றால், மூச்சு விடுகிறோம். அதைக் கேட்டதும் ஆட்கள் கேட்கிற கேள்விகளும் எங்கள் பதில்களும் கீழே இருக்கின்றன.

மூச்சு எல்லாரும் விடுவதுதானே, அதற்கு ஏன் கூட வேண்டும்?

இதயத்தைப் பார்த்துக் கொஞ்சம் நில் என்றால் நிற்காது. இரைப்பையிடம் பிறகு பார்க்கலாம் என்றால் கேட்காது. மூச்சு அப்படியல்ல. மறந்து போனால் தானாக ஓடும், நினைத்தால் நம் சொல்லைக் கேட்கும். உறங்கும்போது மூளைத்தண்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. பாடும்போதும் கதைக்கும்போதும் நாம் கையில் எடுத்துக்கொள்கிறோம். உயிர் தங்கியிருக்கிற வேலைகளில் இப்படி இரண்டு பேருக்கும் இடம் கொடுப்பது இது ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவனித்த உடனே மூச்சு மாறிவிடும். இந்த வரியை வாசிக்கும்போதே உங்களுடையது மாறியிருக்கும். தன் மூச்சைத் தானே எண்ணுகிறவருக்குச் சரியான கணக்கு வருவதில்லை. வேறொருவர் எண்ண வேண்டும், எண்ணுவது தெரியவும் கூடாது. ஆஸ்பத்திரியில் தாதி நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொள்வது இதற்காகத்தான். ஆக, என் மூச்சை உள்ளபடி பார்க்க எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். நாங்கள் கூடுவதற்குக் காரணம் இவ்வளவுதான், இது பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

அங்கே என்னதான் நடக்கும்?

முதலில் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்ந்து மணலில் உட்காருவோம். பத்து நிமிடம், கதை இல்லை. தொட்டுக்கொண்டு இருக்க விருப்பமில்லாதவர்கள் ஒரு சாண் தள்ளி இருந்து கேட்டால் போதும். கணவன் மனைவி, தாய் மகள், சினேகிதிகள் என்று வருகிறவர்கள் அப்படியே சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது கல். பொலித்தீன் பை ஒன்றுக்குள் ஊதி, வாயை முறுக்கி றப்பர் பட்டி போடுகிறோம். பையின் மேல் மூலையில் சிறிய கூழாங்கல் ஒன்றை வைக்கிறோம். இரண்டு கைகளாலும் பையை மெல்ல அழுத்தினால் கல் எழும்பும், தளர்த்தினால் உள்ளே அமிழும். ஐந்தாறு தரம் செய்ததும் கல்தான் மூச்சு விடுகிறது என்று தோன்றும். கையில் பிடித்திருப்பது உங்கள் நெஞ்சுக்குள் கொஞ்சம் முன்பு இருந்த காற்று, அதன் மேல் ஒரு கல், அவ்வளவுதான். ஆனாலும் அதைக் கீழே வைக்க மனம் வராது. மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ட பிள்ளை பிறந்த நேரம் உச்சிக்குழி இப்பிடித்தான் ஏறி இறங்கினது” என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

இந்தக் கல் விளையாட்டு எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1966இல் செய்தது. பார்க்கிறவர் கையில் எடுத்து அழுத்தாவிட்டால் அந்தப் படைப்பே இல்லை என்பதுதான் அவருடைய எண்ணம்.

மூச்சை வைத்துக் கலை செய்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?

நிறையப் பேர். இத்தாலியக் கலைஞர் பியரோ மன்சோனி 1960இல் பலூன்களை ஊதி மரப்பலகையில் பொருத்தி, கலைஞனின் மூச்சு என்று பெயர் வைத்தார். மூன்று வருடத்தில் அவர் இறந்துபோனார். பலூனிலிருந்த காற்றும் போய்விட்டது, சுருங்கிக் காய்ந்த றப்பர் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் படத்தை மாஸ்டர் காட்டினால் பெரியவர்கள் விளக்கம் கேட்பதில்லை. காற்றடைத்த பை என்று உடம்பைச் சொல்லிப் பழகிய ஆட்களுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

ஜியுசெப்பே பெனோனே என்ற இன்னொரு இத்தாலியர் 1978இல் ஆளுயரக் களிமண் சாடிகள் செய்தார். தான் விட்ட மூச்சுக்கு உருவம் இருந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் அவற்றின் வடிவம். மெக்சிகோவில் பிறந்த ரஃபாயெல் லொசானோ ஹெம்மர் 2012இல் கியூபப் பாடகி ஒமாரா போர்ட்டுவொண்டோவின் மூச்சை ஒரு கடதாசிப் பையில் பிடித்து, துருத்தி ஒன்றால் அந்தப் பை ஓயாமல் உப்பி வற்றும்படி அமைத்தார்.

எங்கள் ஊர் அனுபவத்துக்குக் கிட்ட நிற்பவை இரண்டு. ஒன்று கிளார்க்குடைய இன்னொரு படைப்பு. சுழியோடிகள் பாவிக்கும் றப்பர்க் குழாயை வளைத்து ஒரு நுனியை மறு நுனிக்குள் செருகி, காதருகே பிடித்து இழுத்து விட்டால் மூச்சுச் சத்தம் வரும். எங்கள் அண்ணை அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், தண்ணீருக்குள் தனக்குக் கேட்கிற ஒரே சத்தம் அதுதான் என்றார். மற்றது கனடாக்காரரான ஷார் டேவிஸ் 1995இல் கணினியால் உருவாக்கிய மெய்நிகர் உலகம். நெஞ்சில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு அதற்குள் போக வேண்டும். மூச்சை இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள். அவரும் கடலுக்குள் இறங்கிப் பழகியவர். புறாமலைத் தீவுப் பக்கம் காற்றுத் தாங்கி கட்டிக் கடலுக்குள் இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) மோதாமல் ஒரு சாண் மேலெழும்ப, கையைக் காலை அடிப்பதைவிட மூச்சைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பதே போதும்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சடுகுடுவில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போகிறோமே, அந்தப் பாட்டு எதற்கு? இடையில் மூச்சு எடுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஊரே சுற்றி நின்று ஒரு ஆளின் ஒற்றை மூச்சைக் காதால் அளக்கிற விளையாட்டு அது.

இது பிராணாயாம வகுப்பா? ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதா?

இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், மூச்சை ஹுஸ்ம என்கிற சிங்கள நண்பர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஒரு முறையை நாங்கள் கற்பிப்பதில்லை.

அதற்காகப் பழையதை ஒதுக்குவதும் இல்லை. சித்த மருத்துவம் படித்த ஒருவர் சரம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். ஒரு நேரம் இடது நாசியில் மூச்சு நன்றாக ஓடும், இன்னொரு நேரம் வலதில். கைக்கண்ணாடி ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்தால் இரண்டு பக்கப் பனிப்பும் ஒரே அளவாக இல்லாததைப் பார்க்கலாம். மூக்கின் உட்சவ்வு பக்கம் மாற்றிப் பக்கம் வீங்கி வற்றுவதால் இது நடக்கிறது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை எழுதினார். நம்மிடம் அதற்கு முன்பே சொல் இருந்தது. இரண்டும் ஒரே கண்ணாடியில் தெரிவது எனக்குச் சந்தோஷம்.

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது உண்மையா?

நிமிடத்துக்கு 15, ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். பெருக்கினால் 21,600 வரும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவார் என்று மருத்துவத்தில் சொல்வதற்குள் இது அடங்குகிறது. ஆனால் எல்லாருக்கும் எப்போதும் அதுதான் என்று எடுக்கக்கூடாது. பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு நாற்பது வரும். ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லீற்றருக்கு மேல் காற்று நம் வழியாகப் போய் வருகிறது.

பெருமூச்சும் இந்தக் கணக்கில்தான். கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாவது வரும். நுரையீரலில் ஒட்டிக்கொண்ட சிற்றறைகளைத் திரும்ப விரிக்க உடம்பு செய்கிற வேலை அது. ஆகவே வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் உடனே என்ன பிரச்சினை என்று கேட்க வேண்டாம்.

பக்கத்திலிருப்பவர் விட்ட மூச்சையா நான் இழுக்கிறேன்?

ஆம். எவ்வளவு என்று அளக்கவும் முடியும். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. யன்னல் பூட்டிய ரியூசன் வகுப்பில் மானி 2,000 காட்டினால், கூடுதலான 1,580 பங்கு அங்கிருப்பவர்களின் நெஞ்சிலிருந்து வந்தது. 1,580ஐ 40,000ஆல் வகுத்தால் நூற்றுக்கு நான்கு. பிள்ளை இழுக்கிற இருபத்தைந்து மூச்சில் ஒன்று, அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்டது. கொரோனா நாட்களில் யன்னலைத் திறக்கச் சொன்னதற்கு இந்தக் கணக்கு போதும். இன்றைக்கும் போதும். பெற்றோர்கள் வகுப்பில் எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதோடு எத்தனை யன்னல் திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

கடற்கரையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசினால் உங்கள் மூச்சு நொடியில் கடலுக்குப் போய்விடும். ஆனால் அது தொலைந்து போவதில்லை.

இறந்துபோனவர்களின் மூச்சு இன்னும் காற்றில் இருக்கிறது என்று சொல்கிறீர்களாமே?

சொல்கிறோம், கணக்கோடுதான். அரை லீற்றர் மூச்சில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 1க்குப் பின்னால் 22 பூச்சியம் என்ற அளவில் வரும். பூமியின் வளிமண்டலம் முழுவதிலும் உள்ளவை 1க்குப் பின்னால் 44 பூச்சியம். யாரோ ஒருவர் விட்ட ஒரு மூச்சு சில வருடங்களில் உலகக் காற்று முழுவதும் கலந்துவிட்டால், நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அதிலிருந்து சராசரியாக ஒரு மூலக்கூறு இருக்கும்.

ரீச்சர் இங்கே ஒரு திருத்தம் சொல்வார். ஒட்சிசன் உடம்புக்குள்ளும் மரத்துக்குள்ளும் போய் வேறு வேறு சேர்வையாக மாறிவிடும், அதே மூலக்கூறு என்று சொல்ல முடியாது. ஆகன் அப்படியல்ல. காற்றில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் அந்த வாயு ஒன்றோடும் சேராது, உள்ளே போன மாதிரியே வெளியே வரும். ஆகனை மட்டும் எண்ணினால், குறிப்பிட்ட ஒரு மூச்சின் அணு ஒன்று, உங்களுடைய எழுபது எண்பது மூச்சுக்கு ஒருமுறை வந்து சேரும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.

இது ஒரே ஒரு மூச்சுக்கான கணக்கு. என் அப்பம்மா எண்பது வருடம் இருந்தார். அறுபது கோடிக்கு மேல் மூச்சு. பெருக்கிப் பார்த்தேன். நான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அவருடைய நெஞ்சுக்குள் போய் வந்த ஆகன் அணுக்கள் எழுபது, எண்பது இலட்சம் அளவில் வருகின்றன. தோராயக் கணக்குத்தான், ஆனால் தோராயத்திலும் இலட்சங்கள். அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போன நாளில் இது எனக்குத் தெரியாது. ஊற்றுப் பக்கம் நின்று அழுதபோது விம்மி விம்மி இழுத்த காற்று வெறும் காற்றென்றுதான் நினைத்திருந்தேன்.

சுண்ணாம்புச் சோதனையை வீட்டில் எப்படிச் செய்வது?

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, போத்தல் ஒன்றில் தண்ணீர். கலக்கி மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை படிந்து மேலே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவை மட்டும் ஒரு கிளாசில் மெதுவாக ஊற்றுங்கள். குழாய் ஒன்றால் ஊதுங்கள். சில மூச்சிலேயே தண்ணீர் பால் நிறமாகும். உறிஞ்சவே கூடாது, கண்ணில் தெறிக்கவும் கூடாது, சிறுபிள்ளைகள் பெரியவர் பக்கத்திலிருந்தே செய்ய வேண்டும். ஸ்கொட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் 1750களில் இப்படித்தான் நாம் விடும் மூச்சில் வேறொரு வாயு இருப்பதைக் காட்டினார்.

பாலாக்குவது கல்சியம் காபனேற்று. சிப்பியும் சங்கும் முருகைக்கல்லும் அதே பொருள்தான். சிப்பியைச் சூளையில் சுட்டபோது அதிலிருந்த காபனீரொட்சைட்டு வெளியேறித்தான் சுண்ணாம்பு ஆனது. நீங்கள் ஊதும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அது பழையபடி சிப்பியின் பொருளாகிறது. வெற்றிலைத் தட்டத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் ஊதிக்கொண்டே இருந்தால் பால் நிறம் மெல்லத் தெளியும். ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், கடலில் முருகைக்கல் கரைவதைப் பற்றிய பேச்சும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூச்சடக்கும் போட்டி வைப்பீர்களா?

இல்லை. எவ்வளவு கேட்டாலும் இல்லை. இதில் அண்ணை பிடிவாதக்காரர், அவர் சொல்வது சரி.

மூச்சை அடக்கும்போது முட்டுகிற உணர்வு ஒட்சிசன் குறைவதால் வருவதில்லை, பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால்தான் வருகிறது. தண்ணீருக்குள் பாய முன் பத்து இருபது தரம் வேகமாக ஊதி இழுத்தால் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும், அந்த எச்சரிக்கை பிந்தும். ஒட்சிசன் அதற்கிடையில் தீர்ந்துவிடும். மேலே வர வர அமுக்கம் குறைவதால், மேற்பரப்புக்குக் கிட்ட வந்த இடத்தில் நினைவு தப்பும். நீந்தத் தெரிந்த, தைரியமான பிள்ளைகள்தான் இப்படிப் போகிறார்கள். “ஊதி ஊதிப் போட்டு இறங்காத தம்பி” என்று அவர் சொல்வது இதைத்தான்.

தாங்கி கட்டி இறங்குகிறவர்களுக்கு எதிர்ப்பக்க விதி. மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும், அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும்.

எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. வரலாமா?

வாருங்கள். நானே அந்த ஆள்தான். எங்கள் வீட்டில் அதை முட்டு என்பார்கள். கச்சான் மாதங்களில் புழுதி எழும்பினால் இரவு படுக்க முடியாது. அம்மா தலையணைகளை மடியில் அடுக்கி என்னைக் குனிந்து சாய்ந்திருக்கச் செய்வார். இருட்டில் என் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். பூனைக்குட்டி கத்துகிறது என்று தங்கச்சி எழும்பிப் பார்ப்பாள். நான் ஒலிப்பதிவுக்கு வந்ததே அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சடுகுடுவின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். மூச்சு விட முடியவில்லை என்றேன். “இழுக்கிறாய்தானே, பிறகென்ன நடிப்பு” என்றார் பொறுப்பாக நின்றவர். இன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல முடியும். முட்டு வந்தால் சுவாசக் குழல்கள் சுருங்கும். இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் அவை ஓரளவு திறக்கும், விடும்போது மேலும் ஒடுங்கும். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கும். விசில் பெரும்பாலும் விடும்போதுதான் கேட்கும். ஒரு பிள்ளை மூச்சு விட முடியவில்லை என்று தமிழில் சொன்னால், அது சொல்லுக்குச் சொல் சரியான நோய்க்குறி.

உங்கள் பம்ப்பைக் கையோடு கொண்டு வாருங்கள். மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், இது வைத்தியம் அல்ல. நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கொளுத்துவதில்லை. கஷ்டமாக இருந்தால் எழும்பி நடந்து போகலாம், காரணம் கேட்க மாட்டோம்.

சேர்ந்து மூச்சு விட்டால் இதயமும் ஒன்றாகத் துடிக்குமா?

ஒரே நேரத்தில் ஒவ்வொரு துடிப்பும் விழும் என்று இல்லை. ஆனால் வேகம் சேர்ந்து கூடிக் குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து விட்டுப் பாருங்கள், இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கும். சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பதால் இதயவேகமும் சேர்ந்து ஏறி இறங்குவதை சுவீடனில் 2013இல் ஒரு பாடகர் குழுவில் அளந்து காட்டினார்கள். இத்தாலியில் செய்து 2001இல் வெளியான ஆய்வில், செபமாலை சொன்னவர்களுக்கும் பௌத்த மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. பஜனையிலும் இருக்குமா என்று கேட்கிறார்கள். பாட்டின் வரி நீளம் என்ன, எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று பாருங்கள், விடை அதில் இருக்கும்.

திமிங்கிலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் கரைக்குக் கிட்டவே கடல் ஆழமாக வெட்டுப்பட்டுப் போவதால் நீலத் திமிங்கிலங்கள் பக்கத்தில் வருகின்றன. மார்ச், ஏப்ரலில் கோணேசர் மலையில் நின்றே சில நாட்களில் அவற்றின் ஊதலைக் காணலாம், ஒன்பது மீற்றர் வரை எழும்பும். நாம் கண்ணால் பார்க்கக்கூடிய மிகப் பெரிய மூச்சு அது. நாம் ஒரு மூச்சில் நெஞ்சிலுள்ள காற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே மாற்றுகிறோம். திமிங்கிலம் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மாற்றிக்கொண்டு உள்ளே போகிறது. தெரிந்தால் ஒரே அமைதி, மலையில் நிற்கிற எல்லாரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஊதலுக்குப் பார்த்திருப்பார்கள்.

பதிவு செய்வீர்களா?

கேட்டுத்தான் செய்வேன். சத்தம் மட்டும், கமரா இல்லை. வேண்டாம் என்று பிறகு சொன்னாலும் அழித்துவிடுவேன்.

வர முடியாதவர்கள் எப்படிச் சேரலாம்?

வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிள்ளை, அப்பா, வயதான மாமி, யாராக இருந்தாலும் சரி. சுவர்க் கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எண்ணையும் நேரத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பெயர் வேண்டாம். வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட்டால், கடற்கரையில் இரண்டு தடிக்கு நடுவே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் மற்றத் தாள்களோடு கொழுவி விடுவோம். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் தடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க இரண்டு பேர் வேண்டும். அதற்கு ஆட்கள் எப்போதும் குறைவு, அப்புறம் வரலாம் என்று இருக்காமல் அந்த வேலைக்காவது வாருங்கள்.